பார்த்ததற்குக் கூலி

நாகரசம்பட்டி
3.6.2025

என் கண்ணு மணிமேகலைக்கு ஆயா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை நர்சரி ஆபீசில் இருந்தவர்கள் இவர்கள். நாற்காலியில் கமலக்கண்ணன், நர்சரி ஓனர். ஜன்னலோரம் அவன் பெண்டாட்டி ராஜலட்சுமி, கையில் பாதி உரித்த பூண்டு. பில் போடுகிற செல்வம், பில் போட முடியாததால் நகத்தைக் கடித்துக்கொண்டு. முளபாகலில் இருந்து மாங்கன்று வாங்க வந்த ஒரு ஆள், பெயர் கேட்டுக்கொள்ளவில்லை, தோளில் பச்சைத் துண்டு. உன் அம்மா பூங்கொடி. வாசலில் சம்பங்கி, கன்றுக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் காதை உள்ளே நீட்டிக்கொண்டு. அப்புறம் கம்ப்யூட்டர் பெட்டியின் வயிற்றைப் பிரித்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்த நீ. ஒருத்தரையும் நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். உனக்குத்தான் யார் என்ன செய்தாலும் மறுநாளே மறந்து போகும். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். இந்தக் காகிதத்தைப் பத்திரமாக வை.

இப்போது நலம் விசாரிக்கிறேன். சாப்பிடுகிறாயா? ஞாயிற்றுக்கிழமை உன் கழுத்தெலும்பைப் பார்த்தேன். ரூமில் அடுப்புப் பற்றவைப்பதே இல்லை என்று உன் அம்மா சொல்கிறாள். போனில் பேசலாமே என்று நீ மறுபடி கேட்காதே. எதிரில் நின்று பேசினால் எனக்குக் கேட்கிறது. போனில் உன் குரல் வண்டு மாதிரி இருக்கிறது. அறிவொளி வகுப்பில் லாந்தர் வெளிச்சத்தில் படித்த எழுத்து வீணாகப் போகக் கூடாது, எழுது. இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை என்பதும் எனக்கு மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். காலை ஒன்பதரைக்குக் குனிந்தவள் பன்னிரண்டு மணிக்குத்தான் தலையை நிமிர்த்தினாய். "டிஸ்க் செத்துப்போச்சுங்க. புதுசு போட்டா பெட்டி ஓடும். ஆனா பழைய பில்லெல்லாம் என்னால எடுக்க முடியாது. பெங்களூர்ல அதுக்குன்னே இருக்கறவங்க பார்த்தாத்தான் உண்டு" என்றாய். எனக்கு அது விளங்கவில்லை. ஆனால் நீ எதையும் ஒளிக்கவில்லை என்பது விளங்கியது. பார்த்ததற்கு முந்நூறு ரூபாய் என்றாய். அதற்குக் கமலக்கண்ணன் சிரித்தான்.

"ஓடாத பெட்டிக்கு எதுக்கும்மா காசு? பேச்சு அப்பிடித்தானே இருந்துச்சு?"

பச்சைத் துண்டுக்காரனும் சிரித்தான். ஓனர் சிரித்தால் சிரிப்பது செல்வத்தின் சம்பளத்தில் சேர்ந்தது, அதனால் அவனும் சிரித்தான். ராஜலட்சுமி ஒரு கூடை செந்தூரா மாம்பழத்தைக் கொண்டுவந்து உன் பக்கத்தில் வைத்தாள். நீ ஸ்க்ரூவையெல்லாம் ஒன்று விடாமல் திருப்பிப் பூட்டி, கூடையை எடுத்துக்கொண்டு, வரேங்க என்று சொல்லிவிட்டு வந்தாய். உன் காது இரண்டும் சிவந்திருந்தது. அது என்ன பேச்சு, யார் பேசிய பேச்சு என்பதையெல்லாம் நான் இப்போது கிளறப் போவதில்லை. சிரித்தது அவன். அவன் அப்பன் திம்மராயன் எனக்குச் செய்ததை இவன் என் பேத்திக்குச் செய்கிறான்.

நீ கவலைப்படாதே. உனக்காக நான் ஒரு வேலை செய்திருக்கிறேன். ஜனங்கள் உன்னிடம் வரப் பயப்படுவது எதற்கு? எவ்வளவு கேட்பாளோ என்றுதான். அதனால் பால் சொசைட்டி, ரேஷன் கடை, நூறு நாள் வேலை நடக்கிற இடம் எல்லாவற்றிலும் சொல்லிவிட்டேன். என் பேத்தி எந்தப் பெட்டியானாலும் ஐநூறு ரூபாய்க்குப் பார்ப்பாள், அதுவும் ஓடினால்தான் காசு, ஓடாவிட்டால் ஒரு பைசா வேண்டாம் என்று. நல்ல வரவேற்பு. நாளைக்கே நாலு பேர் ஒசூர் பஸ் ஏறுகிறார்கள். கமலக்கண்ணன் பார்த்து வயிறு எரியட்டும்.

சானமாவு பக்கம் மறுபடியும் யானை இறங்கியிருக்கிறதாம். ராயக்கோட்டை ரோட்டில் பொழுது சாய்ந்த பிறகு வண்டியில் போகாதே.

உன் மேல் உயிரான
ஆயா


ஒசூர்
14.6.2025

என் தங்க ஆயாவுக்கு,

நலம். அடுப்பு பற்றவைக்கிறேன். நேற்று வெண்டைக்காய்க் குழம்பு வைத்தேன், கீழ்வீட்டு லாவண்யா அக்கா சாட்சி. மாம்பழம் மூன்று நாளில் தீர்ந்துவிட்டது. கோபமாகத்தான் சாப்பிட்டேன், ஆனால் நல்ல பழம்.

நீ அனுப்பியவர்கள் வந்து சேர்ந்தார்கள். நாலு பேர் இல்லை ஆயா, பதினோரு பேர். என் ரூமில் இப்போது கால் வைக்க இடம் இல்லை. ஒரு பெட்டிக்குள் எறும்பு முழுப் புற்றே கட்டியிருந்தது. இன்னொன்றில் பல்லி முட்டை மூன்று. போச்சம்பள்ளியில் இருந்து ஒரு தாத்தா வெறும் திரையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டி எங்கே தாத்தா என்றால், "அது கோழிக்கு மேடையா இருக்குதும்மா, இதை மட்டும் ஓட்டிக் குடு" என்கிறார். எட்டு வருஷமாகப் பரணில் கிடந்ததெல்லாம் கீழே இறங்கிவிட்டது. ஓடினால்தானே காசு, கொடுத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள், "பொழச்சாத்தான் காசுன்னு நாகம்மா சொல்லிச்சு."

ஒன்பது நாள் உட்கார்ந்தேன். நாலு பிழைத்தது. அந்த ஐநூறிலேயே புதுப் பாகத்தின் விலையும் சேர்ந்தது என்று நாலு பேரும் நினைத்திருந்தார்கள். நீ அப்படிச் சொன்னாயா, அவர்களாக நினைத்துக்கொண்டார்களா என்று நான் கேட்கவில்லை. நாலு பெட்டியை ஓட்டியதில் என் கையில் இருந்து எழுநூறு ரூபாய் போயிற்று. அந்த ஒன்பது நாளில் சிப்காட்டில் இருக்கிற லேத் பட்டறைக்காரர் மூன்று தடவை கூப்பிட்டார், மாதா மாதம் வேலை கொடுக்கிறவர். நாளைக்கு வரேங்க, நாளைக்கு வரேங்க என்றேன். இப்போது அவர் வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

உன்னைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. நீ எனக்கு நல்லது நினைத்துத்தான் வெயிலில் அலைந்து சொல்லியிருக்கிறாய். உனக்கு என் வேலை எப்படிப்பட்டது என்று நான் ஒருநாளும் உட்கார்ந்து சொன்னதில்லை, அது என் தப்பு. கேள். ஒரு கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் அதை ஓட்டுவது பெரிய வேலையே இல்லை. பத்து நிமிஷத்தில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போடுவேன். எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கண்டுபிடித்த பிறகு அது தேறுமா தேறாதா என்பது என் கையில் இல்லை. ஆனால் கண்டுபிடிக்கிற நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். தேறாததற்குக் கொஞ்சம் கூடவே ஆகும், ஏனென்றால் மனசு ஒப்பாமல் மறுபடி மறுபடி பார்ப்பேன்.

இன்னொரு சேதி. பழைய கம்பெனியில் இருந்து சூப்பர்வைசர் மோகன்குமார் சார் கூப்பிட்டார். லைனில் இடம் இருக்கிறதாம். மாதம் பதினெட்டாயிரம், பஸ், கேன்டீன். கம்ப்யூட்டர் தொடுகிற வேலை இல்லை, நின்றுகொண்டு பாகம் பூட்டுகிற வேலை. முப்பதாம் தேதி சாயங்காலத்துக்குள் வருகிறேன், வரவில்லை என்று சொல்லிவிட வேண்டும். ஆறு வருஷம் அந்த லைனில் நின்றுகொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். ஒன்றரை வருஷம்தான் ஆகிறது சொந்தமாக ஆரம்பித்து. திரும்பிப் போனால் இனி வெளியே வரமாட்டேன் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் வாடகை கொடுக்க வேண்டுமே.

ஒன்று கேட்க வேண்டும். நீ திம்மராயன் நர்சரியில் ஒட்டுக் கட்டினாயே, அப்போது உனக்குக் கூலி எப்படி? நாளுக்கா, கன்றுக்கா? என்ன விலை என்று யார் சொன்னது? நானும் ஒரு விலை வைக்க வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தவர்கள் என்று ஏழு பேர் எழுதியிருந்தாய். நானும் எண்ணிப் பார்த்தேன். எட்டு வருகிறது. பரவாயில்லை ஆயா, விடு.

தயவுசெய்து இனி ஆள் அனுப்பாதே. முத்தம்.

மணி


நாகரசம்பட்டி
18.6.2025

கண்ணு மணி,

உன் கடிதத்தை உன் அம்மா படித்துக் காட்டுகிறேன் என்றாள். நான் கொடுக்கவில்லை, நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். பல்லி முட்டை வரைக்கும் சிரித்தேன். அதற்கு மேல் சிரிக்கவில்லை. போச்சம்பள்ளித் தாத்தா யார் என்று தெரியும். அவன் என் கல்யாணத்துக்கு வந்து இரண்டு பந்தி சாப்பிட்டவன்.

எழுநூறு ரூபாயை நான் தருகிறேன் என்றால் நீ வாங்க மாட்டாய். பட்டறைக்காரரை என்னால் திருப்பிக் கொண்டுவர முடியாது. இதைத்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறேன்.

கூலி எப்படி என்று கேட்டாய், சொல்கிறேன். ஒட்டுக் கட்டுவது என்றால் கொட்டை முளைத்துச் செந்தளிராக இருக்கிற கன்றின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, நல்ல மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி சீவி அதில் செருகி, பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றிக் கட்டுவது. என் கை ஒரு நாளைக்கு நூற்றியிருபது கட்டும். நானும் சம்பங்கியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். அவள் கை என்னைவிட மெதுவு, வாய் என்னைவிட வேகம். ஒரே தட்டில் சாப்பிட்டோம், அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது நான்தான் மூன்று மாதம் தண்ணீர் ஊற்றினேன்.

கூலி கன்றுக்குப் பதினைந்து பைசா. நாள் கூலி கிடையாது. கட்டி நாற்பது நாள் கழித்துத் திம்மராயன் பாத்தியில் நடந்து வருவான். தளிர் விட்டதை மட்டும் எண்ணுவான். காய்ந்தது அவன் கண்ணுக்குத் தெரியாது.

எண்பத்து நாலாம் வருஷம் ஆவணி மாதம் அவன் கிணற்று மோட்டார் எரிந்து போயிற்று. பன்னிரண்டு நாள் பாத்திக்குத் தண்ணீர் இல்லை. சரிசெய்யச் சேலம் போக வேண்டும், நாளைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்றான். நான் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கட்டியிருந்தேன். அறுநூற்று நாற்பது எண்ணினான். அன்றைக்கு அவன் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை, மேல் பொத்தான் இல்லை. நான் எழுந்து நின்று கேட்டேன், எல்லாம் இந்த ஒரே கைதானே கட்டிச்சு, தண்ணி ஊத்தாதது என் கையா என்று. அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

"பொழச்சாத்தான் காசு, நாகம்மா."

-

நேற்று அந்த வரியோடு பேனாவை வைத்துவிட்டேன். இன்று எடுத்துப் படித்தேன். கிழித்துவிடலாம் என்று இருந்தது. கிழிக்கவில்லை, அனுப்புகிறேன்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஒட்டுக் கத்தியைப் பாத்தியில் எறிந்துவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே சம்பங்கி வருவாள் என்று கேட் வரைக்கும் மெதுவாக நடந்தேன். அவள் வரவில்லை. மறுநாளும் அங்கேயே போய் உட்கார்ந்தாள், இன்று வரைக்கும் உட்கார்ந்துகொண்டு இருக்கிறாள். நாற்பத்தோரு வருஷமாக அவளோடு நான் பேசவில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு.

எட்டாவது ஆள் யார் என்று நீ எழுதவில்லை. உன் அம்மாவாக இருந்தால் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பாள்.

கம்பெனிக்குப் போ என்றோ போகாதே என்றோ நான் சொல்லவில்லை. என் வாய் உனக்குச் செய்தது போதும். என்ன விலை வைத்தாய் என்று மட்டும் எழுது.

ஆயா


ஒசூர்
23.6.2025

ஆயா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மேல் பொத்தான் இல்லாத சட்டையை நானும் இனி மறக்க மாட்டேன்.

விலை வைத்துவிட்டேன். அட்டையில் எழுதிக் கதவில் மாட்டியிருக்கிறேன். தமிழில் மேலே, கன்னடத்தில் கீழே, கன்னடம் லாவண்யா அக்கா எழுதிக் கொடுத்தது. 'பார்ப்பதற்கு முந்நூறு ரூபாய், தேறினாலும் தேறாவிட்டாலும். சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்பது பார்த்த பிறகு சொல்லப்படும், நீங்கள் சரி என்றால்தான் கை வைப்பேன். பாகத்தின் விலை கடை பில் படி. ஒரு மாதத்துக்குள் அதே கோளாறு வந்தால் இலவசம். சொந்தக்காரர்களுக்கும் இதே விலை.' கடைசி வரி உன்னை நினைத்துத்தான்.

முந்நூறு எப்படி வந்தது என்று கேட்பாய். ஒரு நாளில் எனக்கு நான்கு மணி நேரம்தான் உருப்படியாக வேலை பார்க்க முடிகிறது. மீதி நேரம் பாகம் வாங்க அலைவது, போன், மறுபடி வரச் சொல்லிவிட்டு ஆள் இல்லாமல் போன வீட்டுக் கதவைத் தட்டுவது. அதையும் வாடகையையும் கரண்ட் பில்லையும் சேர்த்துத்தான் போட்டேன். கடைவீதியில் ஒருவர் பார்ப்பதற்கு நூறுதான் வாங்குகிறார். நூறு வாங்குகிறவர் மீதியை எங்கே பிடிக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அதுதான் உனக்குச் சொல்ல வந்தது. ஓடினால்தான் காசு என்று வைத்தால், என்ன ஆகும் தெரியுமா? நான் எல்லாவற்றையும் ஓடவைக்கத்தான் பார்ப்பேன். தேறாததற்கும் இரண்டு பாகத்தை மாற்றி, பதினைந்து நாள் ஓடுகிற மாதிரி செய்து, காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவேன். பார்த்ததற்குக் கூலி இருந்தால்தான் 'இது வேண்டாம், இதற்குச் செலவு பண்ணாதீங்க' என்று வாய் வரும்.

அட்டை மாட்டிய மூன்றாம் நாள் அத்திப்பள்ளியில் இருந்து ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். அவர் மகளுடையது. நுழையும்போதே "எஷ்டாகுத்தே?" என்றார், எவ்வளவு ஆகும் என்று. அட்டையைக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார், ஆனால் உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். போர்டே போய்விட்டது, மாற்றினால் ஒன்பதாயிரம் ஆகும், அந்த லேப்டாப் அவ்வளவு பெறாது, அந்தக் காசைப் புதுசில் போடுங்கள் என்றேன். அவர் லேப்டாப்பைப் பைக்குள் வைத்தார். அப்புறம் முந்நூறை எடுத்து வைத்துவிட்டு, இதற்கு முன் இரண்டு கடையில் பார்த்தேன், ஒருத்தரும் இதைச் சொல்லவில்லை என்றார். ஆயா, ஓடாத பெட்டிக்கு எனக்குக் கிடைத்த முதல் கூலி அது. செலவழிக்க மனசு வரவில்லை.

ஆனால் எல்லோரும் அவர் மாதிரி இல்லை. அட்டையைப் படித்துவிட்டு வாசலோடு திரும்புகிறவர்கள் நிறைய. அதனால் எனக்கு நானே ஒரு கெடு வைத்திருக்கிறேன். முப்பதாம் தேதிக்குள் பத்துப் பேர் முகம் சுளித்தாவது அந்த முந்நூறைக் கொடுத்தால் இந்த வேலையிலேயே இருப்பேன். இல்லையென்றால் மோகன்குமார் சாரைக் கூப்பிட்டு வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கு ஐந்து. ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து இரண்டு வருகிறதாகச் சொல்லியிருக்கிறார்கள், சேர்த்தால் ஏழு. அதற்கு மேல் எனக்கு ஆள் தெரியவில்லை. தெரிந்தவர்களைக் கெஞ்சி வரவைத்தால் அது கணக்கில் சேராது.

இதற்காக நீ எதுவும் செய்யக் கூடாது. சத்தியமாக. சம்பங்கி ஆயாவோடு நாற்பத்தோரு வருஷமா? போன பொங்கலுக்குக்கூட நான் வந்தபோது தெருவில் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, உன் ஆயா சாப்பிடுறாளா என்று கேட்டாளே. நீ திட்டுவாய் என்று சொல்லவில்லை.

உன்
மணி


நாகரசம்பட்டி
29.6.2025, ஞாயிறு

என் மணிமேகலைக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் சம்பங்கி கையில் வருகிறது. அவளுக்கு முதலில் டீ கொடு. சர்க்கரை போடாதே.

நீ சத்தியமாக எதுவும் செய்யாதே என்றாய். ஆளை அனுப்பாதே என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன், பேசாதே என்று எடுத்துக்கொள்ளவில்லை.

நான் சாப்பிடுகிறேனா என்று அவள் கேட்டாள் என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். கோலம் போட்டுக்கொண்டு இருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாப்பது வருசமா இந்தப் பக்கம் வராதவ, என்னா, வழி தவறிப் போச்சா?"

"நாப்பத்தியொண்ணு" என்றேன்.

"அதானே. கணக்கெல்லாம் உன்கிட்ட சரியாத்தான் இருக்கும்" என்றாள். கோலத்தை முடித்துவிட்டு உள்ளே கூப்பிட்டாள்.

நான் வெளியே போன மறு வருஷம் என்ன நடந்தது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். இத்தனை வருஷமும் கேட்கவில்லை, கேட்டால் கோபம் குறைந்துவிடும் என்று பயம். மறு ஆடியில் அவளும் இன்னும் நாலு பெண்களும் குச்சியையும் கத்தியையும் மடியில் வைத்துக்கொண்டு, கட்டாமல், மூன்று நாள் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். மழைக்காலம் ஓடிக்கொண்டு இருக்கிறது, கன்று முற்றிப் போகிறது, முற்றினால் ஒட்டுப் பிடிக்காது. மூன்றாம் நாள் திம்மராயன் இறங்கி வந்தான். கட்டினதும் பாதிக் கூலி, தளிர் விட்டதும் மீதி. அன்றையிலிருந்து அங்கே அதுதான் முறை. நான் அவளைத் துரோகி என்று சொல்லிக்கொண்டு இருந்த வருஷமெல்லாம் அவள் அதை வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"நீ இருந்திருந்தா ஆறு பேரா இருந்திருப்போம்டி" என்றாள். "முழுசாவே வாங்கியிருப்போம்."

அவள் வைத்த கம்பங்களியைச் சாப்பிட்டேன்.

இன்று ஞாயிறு. நானும் அவளும் நர்சரி ஆபீசுக்குப் போனோம். கமலக்கண்ணன், ராஜலட்சுமி, செல்வம் மூவரும் இருந்தார்கள். பச்சைத் துண்டுக்காரனும் லாரியோடு வந்து கன்று ஏற்றிக்கொண்டு இருந்தான், அவனையும் உள்ளே கூப்பிட்டேன். உன் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தேன். நீ ஒருத்திதான் இல்லை. எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"அன்னிக்கு என் பேத்தி பெட்டியைத் தொடறதுக்கு முன்னாடி, பொழச்சாத்தான் காசுன்னு சொன்னது அவ இல்ல. நான். அவ பேசின பேச்சு இல்ல அது. உங்கப்பன் எங்கிட்ட பேசின பேச்சு, என் வாயில இருந்து வந்துடுச்சு."

செல்வம் ஓனர் முகத்தைப் பார்த்தான், சிரிக்கலாமா வேண்டாமா என்று. சம்பங்கிதான் குறுக்கே புகுந்தாள். "ஏம்ப்பா, உங்கப்பாரே எங்களுக்குக் கட்டினதும் பாதி குடுத்தாரு. ரெண்டரை மணி நேரம் தரையில உக்காந்த பொண்ணுக்கு நீ ஒரு கூடை பழத்தைக் காட்டி அனுப்பிட்டியே."

கமலக்கண்ணன் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னான். அந்தப் பெட்டியைக் கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் கொடுத்தானாம். அஞ்சு நாள் வைத்திருந்துவிட்டு, புது டிஸ்க் போட்டு, பழைய பில் எதுவும் வராது என்றார்களாம். "உன் பேத்தி மத்தியானத்துக்குள்ள சொன்னதைத்தான் அவங்க அஞ்சு நாள் வெச்சிக்கினு சொன்னாங்க" என்றான். அவன் அப்பன் ஒருநாளும் இப்படி ஒத்துக்கொண்டவன் இல்லை. முந்நூறை எடுத்து என்னிடம் நீட்டினான். என்னிடம் கொடுக்காதே, அது என் கூலி இல்லை என்றேன். சம்பங்கி கொண்டுவருகிறாள். நான் கெஞ்சவில்லை, நீ கேட்ட விலைதான், ஓடாத பெட்டிக்கு. அது எட்டு.

சம்பங்கியின் பையில் இருப்பது அவள் பேத்தி ரஞ்சிதாவின் லேப்டாப், காலேஜுக்கு வேண்டும், திறந்தால் கறுப்பாகவே இருக்கிறதாம். பாகம் விலை தனி என்று நானே அவளுக்கு விளக்கிவிட்டேன். தேறாது என்றால் தேறாது என்று அவளிடம் நேராகச் சொல், அவள் தாங்குவாள். அது ஒன்பது.

பத்தாவதும் அதே பையில் இருக்கிறது, துணியில் சுற்றி. போன வருஷம் நீ எனக்கு வாங்கிக் கொடுத்த போன். காதில் வண்டு மாதிரி கேட்கிறது என்றது பாதிப் பொய் கண்ணு. ஐப்பசி மாதம் அது அரிசி கழுவுகிற தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. நீ ஆசையாக வாங்கிக் கொடுத்தது, சொந்தமாக ஆரம்பித்த முதல் மாத வருமானத்தில். எப்படிச் சொல்வேன்? அதனால்தான் இத்தனை கடிதம். நீ போன் ரிப்பேர் பார்ப்பதில்லை என்பது தெரியும். திறந்து பார், இது தேறாது என்று ஒரு வார்த்தை சொல். முந்நூறு துணியிலேயே முடிந்திருக்கிறது, என் முதியோர் பென்ஷன் காசு. திருப்பி அனுப்பினால் நான் உன்னோடு பேசமாட்டேன். எத்தனை வருஷம் பேசாமல் இருப்பேன் என்று உனக்குத் தெரியும். தப்பித் தவறிப் பிழைத்துவிட்டால் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடாதே.

எங்கள் மூன்று பேரையும் தெரிந்தவர்கள் என்று கணக்கில் இருந்து கழித்துவிடுவாயோ என்று சம்பங்கி கேட்கிறாள். கழித்தால் கழி. சாயங்காலம் அந்தச் சூப்பர்வைசரிடம் என்ன சொல்கிறாயோ, அது உன் வாய், உன் வேலை. லைனுக்குப் போனாலும் நீ என் மணிதான். ஒரு வேளையாவது அடுப்புப் பற்றவை.

கோபம் வைத்திருந்தவர்களை எல்லாம் இன்று பஸ் ஸ்டாப் கல்லில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். திம்மராயன் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது, அவனை இறக்கிவிட்டேன். சம்பங்கி என்னை இறக்கிவிட்டாள், நான் அவளை இறக்குவதற்கு என்ன இருக்கிறது? கமலக்கண்ணனை முக்கால்வாசி. செல்வம் பாவம். போச்சம்பள்ளித் தாத்தா அந்தத் திரையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனால் அவனும் சரி.

ஒரே ஒரு ஆளை மட்டும் இறக்குவதாக இல்லை. நீ அன்றைக்கே மன்னித்துவிட்டாய் என்று தெரியும், அது உன் குணம், எனக்கு அது வராது. முதல் கடிதத்தில் ஏழு பேர்தான் எழுதினேன். விட்டுப்போன பெயரை இதில் எழுதிவிடுகிறேன்.

நாகம்மா